அய்யனார் பேரில் பாக்கி

ஒன்றரைக் கிலோ விறகுக்கு ஒரு யூனிட்.
குருந்தம்வயலில்
பால்குடி மறந்த பிள்ளைகூட இதைச் சொல்லும்.

விறகென்றால் வேறென்ன, சீமைக்கருவேலம்தான்.
கண்மாயைக் குடித்துவிட்டுக்
கரையேறி நிற்கிறதே, அது.
என் இடது குதிகாலில் அதன் முனை ஒன்று
பதினோரு வருஷமாய் இருக்கிறது.
கீறி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.
இருக்கட்டும் என்றேன்.

அப்போது நான் கரிமூட்டத்தில் கூலி.
மண் பூசி மூட்டத்தின் மூச்சை அடைப்போம்.
லாரி லாரியாய்க் கரி போகும்,
யார் வீட்டில் எரிந்ததோ.
எங்களுக்குச் சிம்னி விளக்கு.
ஒரு தேர்தலுக்கு ஒன்பது கம்பம் நட்டார்கள்.
கம்பி அடுத்த தேர்தலுக்கு என்றார்கள்.
கம்பங்களில் ஆடு கட்டினோம்.

இப்போது நான் ஆபரேட்டர்.
சங்கத்து ரசீதில் அப்படித்தான் இருக்கிறது:
மு. முத்துராக்கு, ஆபரேட்டர்.
விறகை விரல் நீளத்துக்கு நறுக்கி
மேல்வாயில் கொட்டினால்
உள்ளே பாதி வெந்து மூச்சாகிவிடும்.
அதைக் கழுவி, வடிகட்டி, ஆறவைத்து
எஞ்சினுக்கு ஊட்டவேண்டும்.
சொல்லிக்கொடுக்க வந்த பையன்
இதன் பேர் வாயு என்றான்.
எனக்குத் தெரியாதா,
இது மூட்டத்துப் புகை.
அன்றைக்கு என் கண்ணைக் கரித்தது
இன்றைக்கு டைனமோவைச் சுற்றுகிறது.

முதல் மூன்று ராத்திரி
ஒரு வீட்டிலும் விளக்கை அணைக்கவில்லை.
கோழிகள் கூவிக் கூவிச் செத்தன.
நாலாம் நாள் கணக்கு வாசித்தேன்.
அணைத்தார்கள்.

ஏழு மணிக்குமேல் இஸ்திரிப் பெட்டி கூடாது.
சேவுகமூர்த்தி போடுவான்.
எஞ்சின் முனகும் தினுசிலேயே சொல்லிவிடுவேன்:
இது மிக்சி இல்லை,
மாவு மிஷின் இல்லை,
இது சேவுகமூர்த்தியின் வெள்ளைச் சட்டை.
புதுவயலில் பெண் பார்க்கிறார்களாம்.
ஒரு கை மடிப்பு முடியட்டும் என்று பார்த்திருந்து
பியூஸைப் பிடுங்கினேன்.

தகராறு வந்தது அய்யனார் விளக்கில்.
மண்குதிரைக்கு மேலே ஒன்பது வாட்,
அந்தியிலிருந்து விடியும்வரை.
சாமிக்கு இலவசம் என்றது ஒரு கட்சி.
சாமியும் சுமை கொண்டுவரட்டும் என்றாள் அடைக்கி.
கோயில்காட்டில் உதிர்ந்து கிடக்கிற சுள்ளி
ஆறு மாசத்துக்குக் காணுமே என்றாள்.
அதைத் தொட்டால் கண் போகும் என்றார்கள்.
கண் இருந்து என்ன, இருட்டில், என்றாள் அவள்.
இரண்டு பக்கமும் கத்தி ஓய்ந்தபின்
நோட்டில் எழுதினேன்:
அய்யனார், மாசம் மூன்றேகால் யூனிட், பாக்கி.

ஐப்பசி அடைமழை.
எட்டு நாள்.
கொட்டகை ஒழுகி விறகெல்லாம் ஊறிப்போனது.
ஈர விறகு வாயு தராது, தார் தரும்.
எஞ்சின் இருமி இருமி நின்றது.
அடுத்த வருஷம் சோலார் தகடு வருமாம்.
இந்த மழையில் தகடு என்ன செய்யும் என்று கேட்டேன்.
பேட்டரி என்றார்கள்.
பார்ப்போம்.

ஒன்பதாம் நாள்
தார்ப்பாய் போர்த்திய டிராக்டர் ஒன்று
கண்மாய்க்கரையில் சக்கரம் புதைந்து நின்றது.
பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீடு இடிப்பு.
தூணும் நிலையும் கதவும்
காரைக்குடிக் கடைக்குப் போய்விட்டன,
இது கரையான் தின்ற மிச்சம்,
வண்டியைத் தள்ளிவிட்டு
வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றான் டிரைவர்.

பர்மாத் தேக்கு. கடல் தாண்டி வந்த மரம்.
அந்த வீட்டில் எழுபத்திரண்டு பல்பு உண்டாம்.
குடியிருந்தது பூட்டு ஒன்றுதான்.
ஒரு துண்டில்
யாளியின் ஒற்றைக் கண் விழித்திருந்தது.

முள்ளுக்குப் போடும் அதே கல்லைப் போட்டேன்.
நாற்பத்தைந்து கிலோ.
முப்பது யூனிட்.

யார் பேரில் எழுத, என்றான் சேவுகமூர்த்தி.
டிரைவருக்கு இங்கே வீடில்லை.
இடித்தவர்கள் யாரென்றே தெரியாது.
அய்யனார் பேரில் வரவு வை என்றேன்.
ஒன்பது மாசப் பாக்கி தீர்ந்தது.

இரண்டு ராத்திரி எரிந்தது தேக்கு.
யாளியின் கண்ணைக் கடைசியில் போட்டேன்.
எஞ்சின் கண்டுகொள்ளவில்லை.
கருவேலத்தில் எரியும் அதே வெள்ளைதான்,
அடைக்கி வீட்டில், அய்யனார் குதிரைமேல்.

சேவுகமூர்த்தி நோட்டைக் கூட்டிக் கழித்துவிட்டுத்
தலையைச் சொறிந்தான்:
சாமி கணக்கில் முக்கால் யூனிட் மிச்சமிருக்கிறது,
ஒரு சட்டை தேய்க்கலாமா?

சாமியைக் கேள் என்றேன்.